மறுக்க நேரம் வேண்டும்: ஜெனீவாவிலுள்ள இந்தியத் தூதுக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2023 நவம்பரில், ஆயுதக் குறைப்பைக் கவனிக்கும் ஐ.நா. பொதுச்சபையின் முதல் குழுவில், தானாகவே இலக்கைத் தேர்ந்து தாக்கும் ஆயுதங்கள் பற்றிய தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. அது தடைகூட இல்லை. நாடுகளின் கருத்துகளைத் திரட்டி அறிக்கை தரும்படி பொதுச்செயலாளரைக் கேட்டது, அவ்வளவுதான். 164 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்த ஐந்தில் நம் நாடும் ஒன்று. அன்றிலிருந்து அது என் மனதை உறுத்துகிறது.

இதைப் பேச ஜெனீவாவில், சில மரபுவழி ஆயுதங்களைக் கட்டுப்படுத்தும் ஐ.நா. உடன்படிக்கையின் (CCW) கீழ், ஏற்கெனவே ஒரு நிபுணர் குழு இருக்கிறது என்பது உங்கள் வாதம். சரி, அங்கேயே பேசுவோம். 2017இல் அந்த நிபுணர் குழுவுக்குத் தலைமை தாங்கியவரே அன்றைய நம் தூதர் அமன்தீப் சிங் கில்தான். ஆனால் அங்கே எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. ஒருவர் முரண்டு பிடித்தாலும் ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

“கடைசி முடிவு மனிதர் கையில் இருந்தால் போதும்” என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. 2003 மார்ச் 23 அன்று, ஈராக்கில் தாக்குதலை முடித்துக் குவைத்துக்குத் திரும்பிய பிரிட்டனின் டொர்னாடோ விமானத்தை, ரேடாரைத் தாக்க வரும் ஏவுகணை என்று வகைப்படுத்தியது அமெரிக்காவின் பேட்ரியாட் என்ற ஏவுகணைத் தடுப்பு அமைப்பு. திரைக்கு முன்னால் மனிதர்கள் இருந்தார்கள். முடிவெடுக்க அவர்களுக்குக் கிடைத்தது சுமார் ஒரு நிமிடம். கருவி சொன்னதை நம்பிச் சுட்டார்கள். விமானத்தில் இருந்த இருவரும் இறந்தார்கள், சொந்த அணியின் ஏவுகணையால். அதுவோ பழைய கருவி. இன்று வருபவை இன்னும் வேகமானவை. ஓர் ஆளை ஏன் எதிரி என்று முடிவு செய்தன என்பதை அவற்றைச் செய்தவர்களாலேயே பல நேரம் விளக்க முடிவதில்லை.

எல்லையில் இருப்பவர்கள் இந்த ஆயுதங்களைச் செய்யும்போது நாம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நம்மை மட்டும் அல்லாமல் அவர்களையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தை அதனால்தான் கேட்கிறேன். கண்பார்வையைப் பறிக்கவென்றே செய்யப்படும் லேசர் ஆயுதங்களை, அவை போர்க்களத்துக்கு வருமுன்பே, 1995இல் இதே உடன்படிக்கையின் கீழ்த் தடைசெய்தார்கள். இந்தியாவும் அதை ஏற்றது.

மனிதர் இருக்கும் விமானத்தோடு குழப்பிக்கொள்ள வழியே இல்லாத இடத்தில், வரும் ஏவுகணையைத் தடுக்கும் கருவி தானாக இயங்கட்டும். மனிதரைத் தாக்கக்கூடிய எந்த ஆயுதத்திலும், முடிவெடுப்பவருக்கு இலக்கைச் சரிபார்க்க நேரமும், வேண்டாம் என்று நிறுத்தும் அதிகாரமும், தவறு நடந்தால் பொறுப்பும் இருக்க வேண்டும் என்ற வாசகத்தை அடுத்த கூட்டத்தில் இந்தியாவின் பெயரால் முன்வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குடிமக்களில் ஒருவர்