ஙாப்பி இல்லாத சமையல்: செல்விக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வி,

உன் செய்தி கிடைத்தது. உன் பெரியவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்ததில் எங்கள் எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம். அத்தை கேட்டவுடனே காளி கோயிலுக்குப் போய் அவன் பேரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்கள், பிரசாதத்தை உனக்கு அனுப்ப வழியில்லையே என்பதுதான் அவர்களுக்குக் குறை. உன் அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை, அடுத்த முறை கட்டாயம் எழுது. இங்கே மழை நின்றுவிட்டது, காலையில் லேசாகக் குளிர்கிறது, ரங்கூனில் வருஷத்திலேயே நல்ல நாட்கள் இவைதான் என்று நீ எப்போதும் சொல்வாய்.

சரி, வீட்டில் எல்லாரும் சைவமாகிவிட்டீர்களாமே என்று நீ கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், உண்மைதான். எங்கள் வீட்டில் கறி, மீன், கருவாடு எல்லாம் நின்று சில மாதம் ஆகிறது. பால், தயிர் உண்டு, முட்டை அத்தையைத் தவிர மற்றவர்களுக்கு உண்டு. யாரும் சபதம் எடுக்கவில்லை, வீட்டுக்குள் மட்டும் இப்படி இருந்து பார்ப்போம் என்றுதான் ஆரம்பித்தோம், கல்யாணம் விசேஷம் என்று வெளியே போகிற இடத்தில் அவரவர் விருப்பம்.

ஆரம்பித்து வைத்தவள் சின்னவள். அவளோடு படிக்கிற பர்மியப் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் வாசோ பௌர்ணமியிலிருந்து தடின்ஜு பௌர்ணமி வரை, பௌத்தர்களின் நோன்புக் காலமான மூன்று மாதமும் தெத்தத்லு, அதாவது சைவம், இருப்பவர்கள். அதைப் பார்த்து "அம்மா, நாமும் இருக்கலாமா" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தால் அந்த மூன்று மாதமும் ஏறக்குறைய நம் ஆடி, ஆவணி, புரட்டாசிதான்! இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் இரண்டையும் சேர்த்து வைத்து நான் யோசித்ததில்லை. அத்தை உடனே சரி என்றுவிட்டார்கள், அவர்களுக்குச் செவ்வாய், வெள்ளி, சனி எப்போதும் சைவம், புரட்டாசி முழுக்கத் தொடவே மாட்டார்கள், இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்டார்கள்.

சின்னவளின் தோழி வீட்டில் ஒரு தாத்தா இருக்கிறார். அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக மாட்டிறைச்சி கிடையாதாம். லெடி சயாடோ என்கிற பர்மிய பிக்கு 1885-லேயே மாட்டிறைச்சி வேண்டாம் என்று ஜனங்களுக்கு ஒரு கடிதமாக எழுதியதை அவர்தான் இவளுக்குச் சொல்லியிருக்கிறார். உழவனின் பிழைப்பே மாட்டை நம்பித்தானே இருக்கிறது, அதைக் கொன்று சாப்பிடலாமா என்பது அதில் முக்கியமான வாதம். சின்னவள் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது எனக்கு மனசில் நன்றாகப் பதிந்தது. பாவம் புண்ணியம் என்று பேசுவதைவிட, நமக்கு உழைக்கிற உயிர் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு எளிதாகப் புரிகிறது.

என் வீட்டுக்காரர்தான் கொஞ்சம் தயங்கினார். உனக்குத் தெரியுமே, ஙா தலா மீனைப் புளி, தக்காளி, எலுமிச்சைப்புல் எல்லாம் போட்டு முள் கரைகிற வரை மெல்லிய தீயில் வேகவைத்துக் கொடுத்தால் அன்றைக்கு வேறு எதுவும் கேட்கமாட்டார். தடின்ஜு வரைக்கும் பார்ப்போம், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். அவரை இதற்கு இணங்க வைத்ததில் பாதிப் பங்கு கரண்டுக்கு உண்டு. இங்கே கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று நம்ப முடியாது, மீன் வாங்கினால் அன்றைக்கே சமைத்து அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், ஃப்ரிட்ஜ் இருந்தும் பீரோ மாதிரி நிற்கிறது. கடலையும் பட்டாணியும் டப்பாவில் எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருக்கும்.

கறியை விடுவது எங்களுக்கு ஒரு கஷ்டமாகவே இல்லை, செல்வி. விடமுடியாமல் இழுத்தது ஙாப்பிதான், மீனையும் இறாலையும் புளிக்கவைத்து அரைக்கிற அந்த விழுது. ஆரம்பித்த பிறகுதான் கவனித்தேன், நம் வீட்டுச் சமையலில் சாம்பார், ரசம், கூட்டு தவிர மற்ற எல்லாவற்றிலும் எங்கேயாவது மீன் ஒளிந்துகொண்டிருக்கிறது. புளிச்சக்கீரையை மூங்கில் குருத்தோடு வதக்கினால் அதில் காய்ந்த இறால். தக்காளியைப் பிசைந்து தோ செய்தால் மீன் சாஸ். லப்பே என்கிற புளிக்கவைத்த தேயிலைத் தட்டிலும் இறால் பொடி. சுரைக்காய் சூப்பில் கூட ஒரு துளி ஙாப்பி போட்டால்தான் அது சூப் என்று நாக்கு ஒத்துக்கொள்கிறது. சோறு, பருப்பு, ஒரு பொரியல் என்று நம் முறைப்படி சமைத்த நாட்களில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை, பர்மியச் சமையல் செய்த நாட்களில் எல்லாரும் ஒரு வாய் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். உப்பு, புளி, காரம் மூன்றும் சரியாக இருக்கும், ஆனால் அடியில் ஒரு சுவை இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். அஜினமோட்டோ போட்டு நிரப்பச் சிலர் சொன்னார்கள், எனக்கு அதில் விருப்பமில்லை.

வழி கிடைத்தது ஷான் காரர்களிடம். தெயின்ஜி சந்தையில் மசாலா வாங்கப் போன இடத்தில், ஷான் மாநிலத்துத் தௌஞ்சியிலிருந்து சரக்கு எடுத்து விற்கிற ஒரு அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் பே பொக் எடுத்துக் கொடுத்தார். நீ பார்த்திருப்பாய், சோயாவை வேகவைத்துப் புளிக்கவிட்டு அரைத்து, அப்பளம் மாதிரி வட்டமாகத் தட்டி வெயிலில் காயவைத்தது. அதைத் தணலில் வாட்டி, வறுத்த மிளகாய், பூண்டோடு இடித்து வைத்துக்கொண்டால் ஙாப்பி போட வேண்டிய இடத்திலெல்லாம் அதைப் போடலாம். கடல் மணம் வராது, அது வேறு மணம், ஆனால் அந்தக் காலி இடம் நிரம்பிவிடுகிறது. முதல் தடவை அதைப் போட்டுப் புளிச்சக்கீரை வைத்தபோது அவர் ஒன்றுமே சொல்லாமல் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டார், எனக்கு அது போதும்.

அப்புறம் ஷான் தோஃபு. சென்னையில் சோயா தோஃபு கிடைக்கிறது என்று நீ சொன்னாய், இது அது இல்லை, கடலை மாவில் செய்வது, உன் வீட்டில் இன்றைக்கே செய்யலாம். ஒரு பங்கு கடலை மாவுக்கு நாலு பங்கு தண்ணீர் ஊற்றிக் கரைத்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, வடிகட்டி, உப்பும் மஞ்சளும் போட்டு மிதமான தீயில் வை. கையை எடுக்காமல் கிளற வேண்டும், விட்டால் அடி பிடித்துக்கொள்ளும். கெட்டியாகிப் பளபளவென்று வரும்போது எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி ஆறவிட்டால் தானே இறுகிவிடும், திரிய வைக்க எதுவும் சேர்க்க வேண்டாம். மறுநாள் துண்டு போட்டுப் பொரிக்கலாம், மெல்லிசாக வெட்டிப் புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், வறுத்த மிளகாய், கொத்தமல்லி போட்டுப் பிசைந்தும் சாப்பிடலாம். இறுகுவதற்கு முன்னால் சூடாக அப்படியே கௌஸ்வே நூடுல்ஸ் மேல் ஊற்றி, வேர்க்கடலைத் தூளும் பூண்டு எண்ணெயும் மேலே போட்டால் அதுதான் தோஃபு நுவே. எங்கள் பெரியவன் வாரத்தில் இரண்டு நாளாவது அதைக் கேட்கிறான்.

மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ் போட்டுச் சாப்பிடுகிற மொய்ங்காவைத்தான் நான் விடவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். மீன் இல்லாத மொய்ங்காவா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். ஆனால் அதில் வாழைத்தண்டு எப்போதுமே உண்டு, எலுமிச்சைப்புல், இஞ்சி, வெங்காயம், வறுத்த அரிசி மாவு, கடலை மாவு இதெல்லாமும் எப்போதும் உள்ளதுதான். அந்தப் பே பொக்கை இடித்துப் போட்டு, வாழைத்தண்டைக் கொஞ்சம் அதிகமாகவே சேர்த்து, மேலே சுரைக்காய் பஜ்ஜியும் பருப்பு வடையும் பிய்த்துப் போட்டுக் கொடுத்தேன். மீன் போட்ட மொய்ங்காவுக்கு அது ஈடு என்று நான் சொல்லமாட்டேன். தனியாக ஒரு நல்ல சாப்பாடு, அப்படித்தான் அதைச் சாப்பிட வேண்டும். கடையில் விற்கிற சோயா கோழி, கோதுமைப் பசையில் செய்த வாத்து என்று சீனர் கடைகளில் நிறைய இருக்கிறது, பிள்ளைகள் ஆசைப்பட்டதால் வாங்கினேன், எனக்குப் பிடிக்கவில்லை. எண்ணெயும் உப்பும் அதிகம், விலையும் அதிகம். மீனை நினைத்துக்கொண்டே சாப்பிடுகிற சாப்பாடு எத்தனை நாளைக்கு ஓடும், சொல்.

காலைச் சாப்பாடு இப்போது பெரும்பாலும் பே பியோ என்கிற வேகவைத்த பட்டாணிதான். தலையில் தட்டோடு கூவிக்கொண்டு வருகிற அம்மாவிடம் வாங்கி, வெங்காயம் வதக்கி, எண்ணெய் விட்டு நான்பியா ரொட்டியோடு கொடுத்தால் பள்ளிக்கூடம் போகிறவர்களுக்கு மதியம் வரை தாங்கும். நாம் தமிழ் வகுப்புக்குப் போகும்போது இதைத்தானே வாங்கித் தின்றுகொண்டு நடப்போம்! இந்த ஊர் பயறு விளைகிற ஊர், செல்வி. நீ இட்லிக்கு ஊறவைக்கிற உளுந்து இங்கே விளைந்ததாகக் கூட இருக்கும். 2021-ல் இரண்டு நாடும் போட்ட ஒப்பந்தத்தில் வருஷத்துக்கு 2,50,000 டன் உளுந்து, 1,00,000 டன் துவரை என்று ஐந்து வருஷத்துக்குப் பேசினார்கள். பர்மியர்கள் உளுந்தை அவ்வளவாகச் சாப்பிடுவதில்லை, பெரும்பகுதி கப்பலேறத்தான் விளைகிறது. இவ்வளவு பருப்பு விளைகிற மண்ணில் இருந்துகொண்டு சத்துக்கு என்ன செய்வாய் என்று என்னிடம் கேட்கிறார்கள், கேட்பவர்களில் நம் ஆட்களே அதிகம்.

சத்து விஷயத்தை நான் லேசாக விடவில்லை. என் நாத்தனார் மகள் நர்ஸ் வேலை பார்க்கிறாள், அவளை உட்கார வைத்துக் கேட்டேன். பி12 செடி கொடியில் நம்பி எடுக்கிற மாதிரி கிடையாது, பால், தயிர், முட்டையில்தான் பார்க்க வேண்டும், பாலும் முட்டையும் கூட விட்டவர்கள் மாத்திரை எடுத்தே ஆக வேண்டும் என்றாள். அத்தை முட்டை தொடமாட்டார்கள், அதனால் அவர்களுக்கு மட்டும் ரத்தம் எடுத்துப் பார்த்து டாக்டர் சொல்கிறபடி செய்யச் சொன்னாள், செய்துவிட்டோம். இன்னொன்றும் சொன்னாள், கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சை மாதிரிப் புளிப்பு ஏதாவது சேர்த்துக்கொள்ள வேண்டும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து சரியாக ஏறாது என்று. இந்த ஊரில் டீயை விடச் சொல்ல முடியுமா? அவர் இப்போது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து டீக்கடைக்குப் போகிறார். சின்னவளுக்கு வயசுக்கு வருகிற வயசு, அவள் தட்டைத்தான் நான் தினமும் கவனமாகப் பார்க்கிறேன்.

தடின்ஜு விளக்கெல்லாம் ஏற்றி முடிந்தது, யாரும் மீன் வாங்கி வரச் சொல்லவில்லை. பெரியவன் வெளியே நண்பர்களோடு சாப்பிடுகிறான், எனக்குத் தெரியும், அவனை நான் ஒன்றும் கேட்பதில்லை. சமையலறை சுத்தமாக இருக்கிறது, மீன் கழுவுகிற வேலை இல்லை, செலவு கொஞ்சம் குறைந்திருக்கிறது, எண்ணெய் விலை ஏறியதால் அது பெரிதாகத் தெரியவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில்தான் எனக்கு இன்னும் தெளிவில்லை, அதை உன்னிடம் கேட்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். மாவ்லமையினில் இருக்கிற கொழுந்தனார் அடுத்த மாதம் குடும்பத்தோடு வருகிறார்கள். ஒவ்வொரு தடவையும் அவர்கள் நல்ல கருவாடும் இறாலில் செய்த பலாச்சானும் ஆசையாகக் கொண்டுவருவார்கள், நான் இங்கே ஙா தலா சமைத்து வைத்திருப்பேன், அதற்காகவே வருகிறோம் என்று அவர் சொல்வார். இந்தத் தடவை என்ன செய்வது? வந்தவர்களுக்கு அவர்கள் விரும்பியதைச் சமைத்துப் போடுவதுதான் முறை என்று அத்தை சொல்கிறார்கள். சின்னவள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் வாடிவிட்டது. அவள் கேட்டு ஆரம்பித்தது, அவள் கண் முன்னாலேயே அடுப்பில் மீனை ஏற்ற எனக்குக் கை வரவில்லை. வந்தவர்களை வாடிய முகத்தோடு அனுப்பவும் மனசில்லை. உன் வீட்டில் உன் மாமனார் சைவத்துக்கு மாறியபோது விருந்தாளிகளுக்கு என்ன செய்தீர்கள்? யோசித்து எழுது, அவர்கள் வருவதற்கு முன்னால் எழுது.

உன் தம்பி இந்தப் பக்கம் வருகிறான் என்று சொன்னாயே, முடிந்தால் சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல் கொஞ்சம், நல்ல பெருங்காயம் ஒரு டப்பா கொடுத்து அனுப்பு. அவனிடமே நான் பே பொக் கட்டித் தருகிறேன், பையில் மணம் வரும், நன்றாகச் சுற்றித் தருவேன் என்று அவனிடம் இப்போதே சொல்லிவை.

அம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அன்பு.

உன்,
மங்கை
ரங்கூன்