டிவியை எங்கே ஒளிப்பது?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். மழைதான் விட்டபாடில்லை.

புது வீட்டு ஹாலில் டிவி கண்ணை உறுத்துகிறது, மறைக்க வழி கேள் என்று தங்கச்சி சொன்னதாக எழுதியிருந்தாய். முதலில் ஒன்று யோசி. உங்கள் வீட்டில் அது அணைந்திருப்பது எவ்வளவு நேரம்? அம்மா காலை பக்திப் பாட்டில் ஆரம்பித்து ராத்திரி சீரியல் வரை விடமாட்டார்கள். கதவு போட்டாலும் அது திறந்தேதான் கிடக்கும்.

மறைப்பது நமக்குப் புதுசா என்ன? 80களில் நம்ம மெட்ராஸ் டயனோரா, சாலிடேர் டிவிகள் தள்ளுகதவு வைத்த மரப்பெட்டிக்குள்தானே உட்கார்ந்திருந்தன! பூட்டு வேறு. பரீட்சை வந்தால் சாவி அப்பாவின் சட்டைப் பைக்குப் போய்விடும். அன்றைக்கு விலை அதிகமான பொருளாச்சே என்று மூடினார்கள். இன்றைக்கு அழகாக இல்லை என்று மூடுகிறோம்.

சாம்சங் 2017இல் கொண்டுவந்த 'தி ஃப்ரேம்' டிவி பற்றிக் கேட்டிருந்தாய். பார்க்காத நேரத்தில் ஓவியம் காட்டும். சுற்றிலும் சட்டம் போட்டால் படம் மாட்டியது போலவே இருக்கும். 2022 மாடலிலிருந்து திரையைப் பளபளப்பு இல்லாமல் செய்ததால், ஜன்னல் வெளிச்சம் விழுந்தாலும் ஏமாந்துபோவோம். ஆனால் ஓவியம் தெரிகிற நேரமெல்லாம் கரண்ட் செலவாகும். அவர்கள் வைத்திருக்கும் ஓவியங்களை முழுதாகப் பார்க்க மாதச் சந்தா வேறு. உன் பழைய டிவி நன்றாக ஓடும்போது இது வேண்டாம் என்பேன்.

தஞ்சாவூர் ஓவியத்தைத் தள்ளுபலகையில் மாட்டி டிவியை மூடலாம் என்கிறாயே, அதை விட்டுவிடு. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பூச்சும் தங்கத்தாளும் வைத்துச் செய்தது. மேலே கண்ணாடிச் சட்டம் வேறு. தினமும் இழுத்து இழுத்து அதிர்ந்தால் என்னத்துக்கு ஆகும்? இடக் கணக்கும் இடிக்கிறது. 55 அங்குல டிவி நாலடி அகலம். கதவை இரண்டாகப் பிரித்தாலும் இருபக்கமும் இரண்டிரண்டு அடி காலிச் சுவர் வேண்டும். அப்போது ஜன்னல் ஓரத்து சோபா எங்கே போகும்?

நானாக இருந்தால் டிவியை விட்டுவிட்டு, அதைச் சுற்றி இருப்பதை மறைப்பேன். கண்ணை உறுத்துவது பாதி அந்த ஒயர்களும் செட்டாப் பாக்ஸும்தான். பெயின்ட் அடிப்பதற்கு முன்பே எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, கரண்டுக்கு ஒரு பைப், கேபிளுக்கு ஒரு பைப் எனச் சுவருக்குள் தனித்தனியே போடச் சொல். பாக்ஸை வைக்க டிவிக்குக் கீழே ஒரு சின்ன அலமாரி போதும். கதவு மட்டும் பிளைவுட் வேண்டாம், ரிமோட் வேலை செய்யாது. உள்ளே சூடும் தங்கும். பிரம்புப் பின்னல் போட்டால் காற்றும் போகும், இடைவெளி வழியே ரிமோட்டும் பெரும்பாலும் எடுக்கும். டிவிக்குப் பின்னால் உள்ள சுவருக்கு மட்டும் கரும்பச்சையோ அடர் சாம்பலோ அடித்துவிடு. அணைத்திருக்கும்போது திரை சுவரோடு கலந்துவிடும். இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம், ஆசாரி டிவியை உயரமாக மாட்டச் சொல்வார், கேட்காதே. அம்மா நாற்காலியில் உட்கார்ந்தால் கண் எங்கே வருகிறதோ அங்கேதான் திரையின் நடு இருக்க வேண்டும். கழுத்துவலியோடு சீரியல் பார்க்க முடியுமா?

சுவரின் நீளம், உயரம் எழுதி அனுப்பு. படம் போட்டுத் தருகிறேன். தங்கச்சிக்கும் அம்மாவுக்கும் என் விசாரிப்புகள்.

அன்புடன்,
முரளி