பூஞ்சையாலும் பக்கவாதம் வரும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பக்கவாதம் என்றால் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை என்றே பேசி முடித்துவிடுகிறோம். வாரக்கணக்கில் தலைவலி, விட்டுவிட்டுக் காய்ச்சல், வாந்தி என்று இருந்தவருக்குக் கை கால் விழுந்தால், நாள்பட்ட மூளை உறை அழற்சி (மெனிஞ்சைட்டிஸ்) இருக்கிறதா என்றும் தேட வேண்டும். அதற்குக் காரணமாக நம் நாட்டில் முதல் சந்தேகம் காசநோய்தான். கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையையும் விட்டுவிடக் கூடாது. மூளையின் அடியில் சேரும் அழற்சிக் கசிவு நுண் தமனிகளைச் சூழ்ந்து, அவற்றின் சுவரை வீங்க வைத்து அடைக்கிறது. மூளையின் ஆழத்தில் விழும் இந்தச் சிறு அடைப்புகள் சி.டி. ஸ்கேனில் தப்பலாம்; எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுக்கும்.

முதுகில் ஊசி போட்டு மூளைத் தண்டுவட நீர் எடுப்பதென்றால் நம்மவர்களுக்குப் பயம். ஸ்கேன் பார்த்தபின் அதைச் செய்துதான் ஆக வேண்டும். அந்த நீரில் பூஞ்சையின் கூறுகளைத் தேடும் ஆன்டிஜென் சோதனை, மை கலந்து நுண்ணோக்கியில் பார்க்கும் பழைய இந்தியா இங்க் முறையைவிட நுட்பமானது. அந்த நீரின் அழுத்தம் 25 செ.மீ. (நீர் உயர அளவு) மேலிருந்தால் நீரை வடித்து இறக்க வேண்டும். இல்லையேல் பார்வை போகும், உயிருக்கும் ஆபத்து. பக்கவாதத்துக்குத் தரும் ஆஸ்பிரின் பூஞ்சையைக் கொல்லாது. அதற்குப் பூஞ்சைக்கொல்லி மருந்துகள் வேண்டும்: முதலில் ஆம்போடெரிசின், ஃப்ளூசைட்டோசின், பிறகு மாதக்கணக்கில் ஃப்ளூகோனசோல். தலைவலி விட்டதும் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பும்.

இந்தப் பூஞ்சை புறா எச்சத்தில் இருக்கும்; தூசியோடு மூச்சில் போகும். பூட்டிக்கிடந்த வீட்டைப் படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) திறக்கும்போது, வளவில் (உள்முற்றப் பகுதியில்) காய்ந்த புறா எச்சத்தை அப்படியே கூட்டாதீர்கள். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு வாரி எடுங்கள். எச்.ஐ.வி. உள்ளவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்கு அந்த வேலையே வேண்டாம்.

– நரம்பியல் மருத்துவர்கள் சிலர், காரைக்குடி