பரம்பரை எண்டு சொல்லிப்போட்டுத் தப்பேலாது

ஆசிரியர் ஐயாவுக்கு,

போன ஞாயிறு உங்கட சுகாதாரப் பக்கத்தில மூச்சு இழுக்கிற வருத்தத்தைப் பற்றி "முட்டு வருத்தம் பரம்பரையா வாறது, தடுக்க வழியில்லை" எண்டு ஒரு வரி போட்டிருந்தியள். நல்லது. இனி திருகோணமலையில ஆருக்கு முட்டு வந்தாலும் செத்துப்போன அப்பப்பாவில வழக்குப் போடலாம், எங்கட வீட்டுக்குப் பின்னால இருக்கிற மில்லுக்காரர் நிம்மதியா உமி எரிக்கலாம்.

எங்கட அம்மாவும் சின்னம்மாவும் ஒரு வயித்துப் பிள்ளையள். சின்னம்மா கலியாணம் கட்டி கொழும்புக்குப் போய் காஸ் அடுப்பில சமைச்சவ, அம்மா தம்பலகாமத்தில புகைக்கூடு இல்லாத குசினிக்க பச்சை விறகை ஊதி ஊதி எங்களை வளர்த்தவ. இண்டைக்கு பம்ப் இல்லாமல் படி ஏறேலாதது ஆருக்கெண்டு நான் சொல்லத் தேவையில்லை. கிளினிக்குக்குப் போனா அங்கயும் "குடும்பத்தில ஆருக்கும் இருந்ததோ" எண்டுதான் கேப்பினம், அடுப்பைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லை.

பரம்பரை இல்லையெண்டு நான் சொல்லேல்லை. ஆல்பா-1 ஆன்டிட்ரிப்சின் கதை உங்களுக்குத் தெரியாததே? நுரையீரலைக் காக்கிற அந்தப் புரதம் குறைஞ்ச ஆக்களை 1963ல சுவீடனில லாரெலும் எரிக்சனும் கண்டுபிடிச்சவை, அந்தக் குறை தாய் தேப்பனிட்ட இருந்து வாறதுதான், ஆனா அதே குறையோட சிகரெட் பத்தாத கனபேர் வயசுபோகுமட்டும் பெரிசாக் கஷ்டப்படுறேல்லை, பத்துறவைக்கு நாற்பதை ஒட்டியே மூச்சு வாங்கத் தொடங்கிடும், ஏனெண்டா மிச்சமிருக்கிற கொஞ்சப் புரதத்தையும் புகை வேலைசெய்ய விடாது. 17ஆம் குரோமோசோமில இருக்கிற ஆஸ்துமா ஜீன் மாற்றமும் சின்ன வயசில சிகரெட் புகை பட்ட பிள்ளையளிலதான் கூடுதலா வேலையைக் காட்டுது. அப்ப தடுக்க வழியில்லை எண்டது எந்தக் கணக்கில?

உங்கட பேப்பருக்கு இது புதுசில்லை. சம்பூரில நிலக்கரி மின்நிலையம் வரப்போகுது எண்ட காலத்தில பக்கம் பக்கமா வேலைவாய்ப்புக் கதை, 2016ல அந்தத் திட்டத்தைக் கைவிட்ட பிறகுதான் உங்களுக்குச் சாம்பலும் தூசும் கண்ணில பட்டது. அப்ப நான் எழுதின கடிதத்தைப் பாதி வெட்டி, ஊர்ப் பேரையும் மாத்திப் போட்டனீங்கள். அதுக்கும் நன்றி சொன்னனான்.

இவ்வளவும் எழுதிக் கேக்கிறது ஒண்டுதான். வாற ஞாயிறு அதே பக்கத்தில அந்த வரியைத் திருத்திப் போடுங்கோ, மரண அறிவித்தலுக்குக் கீழ ஒளிக்க வேண்டாம். இந்தக் கடிதத்தையும் வெட்டத்தான் வேணுமெண்டா மில்லுக்காரரை வெட்டுங்கோ, அம்மாவின்ர அடுப்பை விட்டிடுங்கோ.

இப்படிக்கு,
உங்கட பழைய வாசகி,
திருகோணமலை