சுரண்டிவிட்டேன் என்று சொன்ன பொய்

கடலூர் முதுநகர்,
ஆடி, இரண்டாம் வெள்ளி.

அன்புள்ள ஆம்பியருக்கு,

நலம். அங்கும் நலம்தானே? நான்கு மாதமாக உன் போனை எடுக்காதவன் திடீரென்று பேனாவை எடுத்திருக்கிறான் என்றால் எங்கோ வசமாக மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று உனக்குப் புரிந்திருக்கும். போனில் சொன்னால் பாதியிலேயே சிரிக்கத் தொடங்கிவிடுவாய். கடிதத்தில் என்னைக் குறுக்கிட உன்னால் முடியாது.

பொங்கலுக்கு நீ கொடுத்துவிட்டுப் போன ஆம்ப்ளிஃபயர் பெட்டியை நான் என் எஸ்டீம் காரில் மாட்டிய அன்று, ஓசூரிலிருந்து மூன்று முறை கேட்டாய்: "எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயிண்டைச் சுரண்டினாயா?" கரன்ட் வண்டித் தகரம் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும், நடுவில் பெயிண்ட் இருந்தால் தடை என்று உனக்குப் பயம். மூன்று முறையும் "சுரண்டிவிட்டேன்" என்றேன். சுரண்டவில்லை. டிக்கித் தரையில் பழைய போல்ட் ஒன்று தயாராக இருந்தது. அதைத் தளர்த்தி, ஒயரைச் செருகி, இறுக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். அன்று வஞ்சிரம் வறுவல், அதுவும் ஒரு காரணம்.

ஒரு மாதம் நன்றாகத்தான் பாடியது. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் போய்த் தீர்த்தவாரி பார்த்துவிட்டுத் திரும்பும்போது, நாம் அந்தக் காலத்தில் அதே கடற்கரையில் பதிவு செய்த நாதஸ்வர கேசட் நினைவு வந்தது. பட்டாணி அதைக் கைப்பேசிக்கு மாற்றிக் கொடுத்திருந்தான் அல்லவா, அதைப் போட்டேன். தவில் தனி ஆவர்த்தனம் வந்தது. நான்காவது அடியில் சிவப்பு விளக்கு எரிந்தது, பெட்டி ஊமையாகிவிட்டது. சாவியைத் திருப்பிப் போட்டால் பாடும். மறுபடி தவில், மறுபடி சிவப்பு விளக்கு. சத்தத்தைக் குறைத்து வைத்தால் விடிய விடியப் பாடும். தவிலை யாராவது குறைத்துக் கேட்பார்களா?

அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்: நீ ஓட்டைப் பெட்டியை என் தலையில் கட்டிவிட்டாய். முடிவு கட்டியதோடு நிறுத்தினேனா? டீக்கடையில் சொன்னேன், பட்டாணியிடம் சொன்னேன், என் மச்சானிடமும் சொன்னேன். "இலவசமாக வந்ததை நம்பினால் இப்படித்தான்" என்று வசனம் வேறு.

பிறகு ஆராய்ச்சி தொடங்கியது. கத்திரி வெயில் நேரம், அதனால் சூடுதான் என்று நினைத்து 600 ரூபாய்க்குச் சின்ன மின்விசிறி வாங்கிப் பக்கத்தில் வைத்தேன். சூட்டினால் அணைந்த பெட்டி ஆறிய பிறகுதான் எழுந்திருக்கும், இதுவோ சாவியைத் திருப்பிய மறுநொடியே பாடியது. தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருந்தது. ஐ.டி.ஐ.யில் படித்தவன் என்று வெளியே சொல்லாதே.

அடுத்து ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். சிவப்பு விளக்கு வரவே இல்லை! பிடிபட்டது திருடன் என்று துள்ளினேன். புதிதாக 4 ஓம் ஸ்பீக்கர் வாங்கி மாட்டினேன். தவில், சிவப்பு விளக்கு. ஸ்பீக்கர் இல்லையென்றால் பெட்டி பெரிதாகக் கரன்ட் இழுப்பதில்லை. கரன்ட் இழுக்காத இடத்தில் குறை எப்படித் தலைகாட்டும்? இது உறைக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. கடைக்குக் கொண்டுபோனேன். அந்த ஆள் மூடியைக்கூடத் திறக்காமல் "உள்ளே போர்டு போய்விட்டது, புதிது 14,000 ரூபாய்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. உனக்கு எதிராக ஒரு சாட்சி கிடைத்துவிட்டதே.

எர்த்தைச் சோதிக்காமல் இல்லை. மீட்டரை வைத்தேன், தொடர்பு இருக்கிறது என்று பீப் அடித்துக் கத்தியது. அந்தப் பீப் சத்தத்தை நம்பித்தான் கெட்டேன்.

போன வாரம் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். ஆலப்பாக்கம் தாண்டியதும் டயர் பஞ்சர். டிக்கியைக் காலி செய்து ஸ்டெப்னியை எடுக்கக் கையை விட்டேன். அந்த போல்ட் தலை வெதுவெதுப்பாக இருந்தது. சுற்றியிருந்த தகரமெல்லாம் குளிர்ச்சி, போல்ட் மட்டும் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி. நடுரோட்டில் ஜாக்கியும் கையுமாக நின்றபோது உன் குரல் காதில் கேட்டது: "சுரண்டினாயா?" கல்யாணச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் நம் பழைய முள் மீட்டரைத் தூசி தட்டினேன். இனி வருவது உனக்குப் பிடித்த பகுதி, நிதானமாகப் படி. இன்ஜினை ஓடவிட்டு, கைப்பேசியில் ஒரே சீரான 50 ஹெர்ட்ஸ் முழக்கத்தைப் போட்டு, அணைவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்தினேன். பேட்டரி முனையில் 13.8 வோல்ட். பெட்டியின் முனையில் 9.9. நடுவில் 3.9 வோல்ட்டை யாரோ விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து பெட்டி பாசிட்டிவ் வரை வைத்துப் பார்த்தேன்: 0.3. அந்தப் பக்கம் குற்றமில்லை. பெட்டியின் எர்த் முனையிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை: 3.6! முள் அங்கே போய் நின்றதும் எனக்கு வயிறு கலங்கியது.

பட்டாணியின் கிளாம்ப் மீட்டரால் ஒயரைக் கவ்வி கரன்ட்டை அளந்தேன், 30 ஆம்பியர் காட்டியது. 3.6-ஐ 30-ஆல் வகுத்தால் 0.12 ஓம். மீட்டரின் சொந்த ஒயருக்கே அதைவிட அதிகத் தடை இருக்கும், அப்புறம் அது பீப் அடிக்காமல் என்ன செய்யும்? ஐ.டி.ஐ.யில் நம்முடைய மோட்டார் விவகாரத்தன்று வாத்தியார் கத்தினாரே, ஓடும்போது அளக்காத அளவு அளவே இல்லை என்று. அன்று நாம் இருவரும் சிரித்தோம். 30 ஆம்பியர் ஓடும்போது அந்த போல்ட்டில் வீணானது 108 வாட். ஒரு குண்டு பல்பை டிக்கிக் கம்பளத்துக்கு அடியில் எரியவிட்டுக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறேன்.

போல்ட்டைக் கழற்றியபோது கீழே வெள்ளைப் பெயிண்ட் அப்படியே இருந்தது. அதன் ஓரத்தில் துரு, செதில் செதிலாக. 2024-இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை பொங்கியதே, வண்டி அப்போது நாணமேட்டில் மச்சான் வீட்டு வாசலில் நின்றிருந்தது. இருக்கை வரை ஏறவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். டிக்கித் தரை நனைந்ததை யார் பார்த்தார்கள்? மிச்சத்தை நம் ஊர்க் கடல்காற்று கவனித்துக்கொண்டது. மரையில் மட்டும் ஏதோ கொஞ்சம் தொடர்பு ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பாட்டுக்கு அது போதும், தவிலுக்குப் போதாது. வோல்ட் 9.9-க்கும் கீழே சரிந்ததும் உன் பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடியிருக்கிறது. இத்தனை நாளும் அது ஒழுங்காக வேலை செய்ததைத்தான் நான் குறை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு உப்புத்தாளால் தேய்த்தேன். உப்பு செய்த வேலைக்கு உப்புத்தாள்தான் மருந்து என்று பட்டாணி தத்துவம் பேசினான். முகம் தெரியும் அளவுக்குத் தகரம் பளபளத்த பிறகு பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். இப்போது அதே முழக்கத்துக்கு எர்த் பக்கம் 0.1 வோல்ட். தனி ஆவர்த்தனம் முழுதாக ஓடியது. பின்னணியில் அலைச் சத்தம், நடுவில் நீ "பேட்டரி தீரப் போகிறது" என்று கத்துவது, எல்லாம் கேட்டது.

அது கேட்டபோதுதான் உறைத்தது. உன் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்ததைப் பட்டாணி வைகாசியிலேயே சொன்னான். நான் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. உன் அழைப்பு வந்தபோதெல்லாம் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். அம்மா என்னைப் பற்றிக் கேட்டார்களா? கேட்டிருப்பார்கள். நீ என்ன சொல்லிச் சமாளித்தாய்? அவர்கள் கையால் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறேன். இதற்கு மன்னிப்பை உன்னிடம் கேட்கவில்லை, அவர்களிடமே நேரில் கேட்கிறேன். மருந்துவிடும் காலம் முடிந்துவிட்டதா, வெளிச்சம் கூசுகிறதா என்று எழுது.

பட்டாணியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். டீக்கடையில் இன்னும் சொல்லவில்லை. அங்கே கொஞ்சம் மானம் பாக்கி இருக்கிறது.

ஒரு சந்தேகம் மட்டும். பாசிட்டிவுக்கு நான் வாங்கிய ஒயரைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தேன் (ஆமாம், இப்போது எதைக் கண்டாலும் சுரண்டுகிறேன்). மேலே செம்பு, உள்ளே வெள்ளை. அலுமினியம். 0.3 வோல்ட்தான் இழக்கிறது என்பதால் விட்டுவைக்கலாமா, இந்த உப்புக்காற்றில் அதுவும் ஒருநாள் பொடிந்துவிடுமா? பேட்டரி பக்கத்து ஃபியூஸ் நீ கொடுத்த அதே 60 ஆம்பியர்தான், அதில் கை வைக்கவில்லை. சத்தியமாக.

நம்பவில்லை என்றால் ஆவணியில் வந்து டிக்கியைத் திறந்து பார். பத்து நம்பர் ஸ்பேனரை போல்ட் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஃபியூஸ்