ஊதாக் காலுறை பற்றி இனியும் கேட்காதீர்கள்

பிரித்தானிய வானொலிகளின் காலை நிகழ்ச்சி அறிவிப்பாளர்களுக்கு,

வணக்கம். இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்கள் நிலையங்கள் எதிலாவது வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பிள்ளை இதைப் படித்து உங்களுக்கு நாலு வரி சொல்லாமல் போகாது என்று ஒரு நம்பிக்கை. மனத்தாங்கலை எனக்குச் சொந்த மொழியில்தான் ஒழுங்காகச் சொல்ல வரும்.

எழுபதுகளில் பெண்பிள்ளைகளின் கனவு நாயகனாக இருந்தவர், ஊதாக் காலுறைக்குப் பேர்போன அமெரிக்கப் பாடகர் டொனி ஒஸ்மண்ட். 2023 கடைசியில் அவர் இங்கே கச்சேரிகளுக்கு வந்திருந்தார். அதற்கு முன்னர் ஒரு காலை, உங்களில் ஒருவர் அவரைப் பேட்டி கண்டார். எந்த நிலையம், யார் என்று சொல்லப்போவதில்லை. யார் செய்திருந்தாலும் அது அப்படித்தான் இருந்திருக்கும் என்பதுதான் என் முறைப்பாடே.

என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஓர் ஆங்கிலப் பெண்மணி இருக்கிறார். என்னைவிட மூத்தவர். மனதுக்குள் நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். 1972இல் அக்காவுக்கு 13 வயது. டொனியின் 'பப்பி லவ்' அந்த வருடம் பிரித்தானிய இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தபோது, பாட்டு வரும் நேரம் பார்த்து வானொலிப் பெட்டிக்கு முன்னால் டேப் ரெக்கோடரை வைத்து, வீட்டில் ஒருவரையும் இருமவிடாமல் பதிவு செய்தவர். அந்தக் கசெட்டில் பாட்டு முடிகிற இடத்தில் அவருடைய அம்மா சாப்பிடக் கூப்பிடுவது இன்னும் கேட்கும். எனக்கு இது புதுசில்லை. நான் வளர்ந்த வீட்டில், இலங்கை வானொலிக்குத் தபாலட்டை போட்டுவிட்டு, பாட்டைவிடத் தன் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்த சித்தி ஒருத்தி இருந்தாள். அக்காவோடு நான் ஒட்டிக்கொண்டதற்கு அவளும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாளை 7.40க்கு டொனி வருகிறார் என்று முதல் நாளே அறிவித்துவிட்டீர்கள். அக்கா ஆறரைக்கே தேத்தண்ணீரும் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்துவிட்டார். நான் இரவு வேலை முடித்து நேரே அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். 7.40 போனது. எட்டு மணிச் செய்தியும் போனது. 'இன்னும் சற்று நேரத்தில் டொனி' என்று நாலு தரம் சொன்னீர்கள். விளம்பரம் முடியும்வரை எங்களைக் கட்டிப்போடும் கயிறு அது என்று எங்களுக்குத் தெரியாதா? 8.20க்கு ஆள் வந்தார். மொத்தம் நாலு நிமிடம்.

முதல் கேள்வி, இப்போது ஊதாக் காலுறை போட்டிருக்கிறீர்களா. இரண்டாவது, அந்தக் காலத்துப் பெண்பிள்ளைகள் போட்ட கூச்சல் இன்னும் காதில் கேட்கிறதா. மூன்றாவது, தங்கை மேரி சுகமா. அப்புறம் 'பப்பி லவ்'வில் இரண்டு வரி பாடச் சொன்னீர்கள். அவர் சிரித்துக்கொண்டே பாடினார். பாடி வாய் மூடுமுன் மோட்டர்வே நெரிசல் அறிவிப்பு வந்துவிட்டது. அக்காவின் கொப்பியில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'தொண்டை நன்றாக இருக்கிறது.'

கச்சேரிக்கு முன்னால் வரும் பேட்டியை ரசிகர்கள் எதற்குக் கேட்கிறார்கள் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போல. டிக்கெட் எப்போதோ வாங்கியாயிற்று, உங்கள் விளம்பரம் எங்களுக்குத் தேவையில்லை. டொனி 1957 டிசம்பரில் பிறந்தவர். அந்தச் சுற்றுப்பயணத்தில் அவருக்கு 66 ஆகிக்கொண்டிருந்தது. அந்த வயதில் ஒருவர் பாடப்போகிறார் என்றால் கேட்பவர்கள் முதலில் மூச்சைத்தான் கவனிப்பார்கள். சளி பிடித்திருக்கிறதா, களைத்திருக்கிறாரா, பேச்சுவாக்கில் ஏதாவது பழைய பாட்டின் பெயர் வாயில் வருகிறதா. வந்தால் அதைக் கச்சேரியில் பாடப்போகிறார் என்று அர்த்தம். உங்கள் நிலையம் எட்டாத ஊர்களில் இருப்பவர்களுக்காக ஒருத்தி பதிவு செய்வாள், காது மந்தமானவர்களுக்காக இன்னொருத்தி ஒரு சொல் விடாமல் எழுதி அனுப்புவாள். நீங்கள் நாலு நிமிடம் பேசியதை அவர்கள் நாலு நாள் கதைப்பார்கள்.

அந்தக் கூச்சல் கேள்விக்கு வருகிறேன். உங்களுக்கு அது பகிடி. 1973இல் டொனியும் அவர் சகோதரர்களும் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்து இறங்கிய அன்று, ரசிகைகள் நெருக்கியடித்து நின்ற மாடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்து பிள்ளைகள் காயப்பட்டார்கள். அடுத்த வருடம் மே 26இல் லண்டன் வைட் சிட்டி மைதானத்தில் அந்தக் காலத்து இன்னொரு இளம் நட்சத்திரமான டேவிட் கசிடியின் கச்சேரியில் நெரிசலில் சிக்கிய 14 வயதுப் பிள்ளை ஒருத்தி நாலு நாளில் இறந்துபோனாள். அக்காவின் தலைமுறைக்கு இவை நேற்று நடந்தவை போல. கூச்சல் போட்டவர்கள் இன்று பாட்டிமார். அவர்கள் வீட்டில் உட்கார்ந்து உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவர்களை வைத்தே சிரிப்புக் காட்டுவது என்ன மரியாதை?

இன்னொன்று. சிறுவயதில் நட்சத்திரமானவர்களிடம் மற்ற யாரையும்விட வானொலிக்காரர்கள் யோசித்துப் பேச வேண்டும். காரணம் 1989இல் இருக்கிறது. அதற்கு முந்தைய வருடங்களில் அமெரிக்க நிலையங்கள் டொனியைத் தொடத் தயாராக இல்லை. உன் பெயரே நஞ்சாகிவிட்டது, மாற்றிக்கொள் என்று மைக்கல் ஜாக்சன் தனக்குச் சொன்னதாக டொனியே சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் 'சோல்ஜர் ஒஃப் லவ்' என்ற பாட்டை நியூயோர்க்கின் டபிள்யூ.பி.எல்.ஜே. நிலையம் பாடகர் பெயரைச் சொல்லாமல் ஒலிபரப்பியது. மர்மப் பாடகர் என்று மட்டும் சொன்னார்கள். கேட்டவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு இது யார், திரும்பப் போடுங்கள் என்றார்கள். பெயர் வெளியானபோது பாட்டு ஏற்கெனவே பிடித்துப்போயிருந்தது. அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை போனது. பெயரை மறைத்தால்தான் குரல் காதில் விழும் என்ற நிலைமையை ஒரு வானொலி நிலையம் கண்டுபிடித்து உடைத்தது. முப்பத்து நாலு வருடம் கழித்து இன்னொரு வானொலி நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் பழையபடி காலுறையைப் பிடித்து இழுக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

உங்கள் பக்கத்துச் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. 2019இல் ஹார்ட், கெப்பிட்டல், ஸ்மூத் ஆகிய வர்த்தக வானொலிகளின் ஊருக்கு ஊரான காலை நிகழ்ச்சிகள் போய், ஒவ்வொன்றுக்கும் லண்டனிலிருந்து ஒரே நிகழ்ச்சி என்றானது. 2023இல் பிபிசி உள்ளூர் வானொலிகளும் பிற்பகல் நிகழ்ச்சிகளைப் பங்குபோடத் தொடங்கின. முன்பு ஒரு பாடகர் பத்து ஊரில் பாடினால் பத்து ஊர் வானொலியில் பத்துப் பேட்டி. இரண்டாவது சரியில்லாவிட்டால் ஆறாவதில் யாராவது நல்லதாக ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள். இப்போது இருப்பதே ஒன்றிரண்டு. அதையும் வீணாக்கினால் நாங்கள் எங்கே போவது?

கேட்க எவ்வளவோ இருக்கிறது. சிறுவயதுக் குரலில் பதிவு செய்த பாட்டை இப்போது எந்தச் சுருதியில் பாடுகிறார்? லாஸ் வேகாஸின் ஹாராஸ் விடுதியில் 2021இல் தொடங்கிய நிகழ்ச்சியில், தன் அறுபதுக்கு மேற்பட்ட அல்பங்களில் எதையாவது காட்டிப் பாடச் சொல்லும்படி சபையிடமே விட்டுவிடுகிறாரே, அத்தனை பாட்டையும் எப்படி நினைவில் வைத்திருக்கிறார்? மேடைப் பதற்றம் தன்னை எப்படி வாட்டியது என்று தன் சுயசரிதையில் எழுதியவர் அவர். 'ஜோசப்' இசை நாடகத்தில் ஆயிரக்கணக்கில் காட்சிகள் நடித்த வருடங்களிலும் அது கூடவே இருந்தது. அதைப் பற்றி ஒருவராவது மெதுவாக, இடையில் விளம்பரம் போடாமல் கேட்டிருக்கலாம். அக்காவும் கூட்டத்தைக் கண்டால் கை நடுங்குகிறவர்தான். ஊதாச் சால்வையைப் போர்த்திக்கொண்டு அந்தக் கச்சேரிக்கு அவர் வந்ததே பெரிய காரியம்.

'பப்பி லவ்'வைப் பாடச் சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சொல்லுங்கள், அக்காவுக்கும் அது வேண்டும். அதைக் கடைசியில் வையுங்கள். முன்னால் ஒரு பத்து நிமிடம் மனிதரைப் பேசவிடுங்கள். பேட்டி முழுவதையும் ஒரு வாரமாவது கேட்கக்கூடியதாக எங்காவது போட்டு வையுங்கள், அதற்கு உங்களுக்குச் சல்லிக் காசு செலவில்லை.

2024 டிசம்பரில் டொனி எடின்பரோவுக்கு வந்து அதே 'ஜோசப்' நாடகத்தில் நடித்தார், இந்த முறை பார்வோனாக. தொண்ணூறுகளில் பல வருடம் தானே ஜோசப்பாக நடித்த நாடகத்தில், இப்போது வேறொரு இளைஞன் ஜோசப்பாகப் பாடுவதைச் சிம்மாசனத்திலிருந்து பார்க்கும்போது வாய் தானாக அசையுமா என்று அக்கா கேட்கச் சொன்னார். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். அடுத்த முறை டொனி உங்கள் கலையகத்துக்கு வரும்போது அந்த ஒரு கேள்வியையாவது கேட்டுவிடுங்கள். நேரத்தையும் சரியாகச் சொல்லுங்கள். நான் இரவு வேலையிலிருந்து வருகிறவள்.

இப்படிக்கு,
அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள்