மொய் மேசைக்கு என்னென்ன வேண்டும்

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. மகள் கல்யாணத்தை உசிலம்பட்டியிலேயே வைப்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். மொய்யை நோட்டில் எழுதுவதா, கம்ப்யூட்டரில் ஏற்றுவதா, கியூஆர் அட்டை வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். மூன்றையும் வை. ஆனால் ஒவ்வொன்றையும் எதுவரை நம்பலாம் என்று தெரிந்து வை.

கம்ப்யூட்டரில் ஏற்றினால் அன்றைக்கே ஊர்வாரியாகப் பட்டியலும் கூட்டுத்தொகையும் கைக்கு வந்துவிடும். சிக்கல் பெயரில்தான். கருப்பசாமி, கருப்பச்சாமி, கருப்புசாமி என்று ஆளுக்கொரு மாதிரி அடித்து வைத்தால், பிற்பாடு திருப்பிச் செய்ய வேண்டிய நேரத்தில் தேடினாலும் ஆள் சிக்காது. அதனால் செல் நம்பர் கட்டாயம். ஊர், தகப்பனார் பெயர், பட்டப்பெயர் மூன்றும் ஏற வேண்டும். பங்கு பிரிந்த அண்ணன் தம்பி என்றால் தனித்தனி வரி. டைப் அடிக்க வரும் பையனுக்கு இதெல்லாம் தெரியாது. சொந்தபந்தம் அறிந்த பெரியவர் ஒருவர் அவன் பக்கத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

சின்ன மெஷினில் வரும் ரசீதை நம்பி இருந்துவிடாதே. அதில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சுத்தான் எழுத்தாகத் தெரிகிறது. வெயிலும் எண்ணெய்க் கையும் பட்டால் வெளுத்துவிடும். லேமினேஷன் போட்டால் அந்தச் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துப்போகும். யார் எவ்வளவு செய்தார் என்ற செய்முறைக் கணக்கு இருபது வருஷமாவது நிற்க வேண்டியது. முழுப் பட்டியலையும் ஏ4 தாளில் லேசர் பிரிண்ட் எடுத்து பைண்டிங் செய்துவிடு. பென்டிரைவ் ஒன்று உன்னிடம், இன்னொன்று தம்பி வீட்டில்.

இனி கியூஆர். பணம் வந்த செய்தியில் பேங்கில் பதிந்த பெயர்தான் இருக்கும், ஊர் இருக்காது. தாத்தாவின் மொய்யைப் பேரன் தன் போனில் போட்டிருப்பான். அப்படியே விட்டால் கணக்கு பேரன் பெயரில் போய்விடும். யார் பெயருக்கு என்று கேட்டு, அதையும் நோட்டில் எழுத வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து வரவு வைக்காதீர்கள்; உன் கணக்கில் ஏறியதா என்று பார்க்க ஒருவர் போனும் கையுமாக இருக்கட்டும். பணம் கழிந்தும் வந்து சேரவில்லை என்றால் அவரை இன்னொரு தடவை போடச் சொல்லாதே. சேராத பணம் மறுநாளுக்குள் அவர் கணக்குக்கே திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பென்சிலில் குறித்து வைத்து, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். பெரிய சீர் செய்யும் தாய்மாமனிடம் முன்கூட்டியே சொல்லிவை: இப்படிப் போனில் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்ப ஒரு நாளைக்கு 1 லட்சம் ரூபாய்தான் வரம்பு.

கல்யாணப் பத்திரிகையில் மட்டும் அந்தக் கியூஆர் கட்டத்தை அச்சடிக்காதே. இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். வெளிநாட்டில் இருப்பவன் அனுப்புவது நியாயம். அவன் கேட்டால் போனில் அனுப்பு. ஆனால் பத்திரிகையிலேயே போட்டுவிட்டால் பக்கத்துக் கருமாத்தூரில் இருப்பவரும் வீட்டிலிருந்தே அனுப்பிவிடுவார். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகூட மொய் செய்ய என்று மண்டபத்துக்கு வருவார். வந்தவரை யாராவது கையைப் பிடித்துப் பந்தியில் உட்கார வைப்பார்கள். எத்தனையோ குடும்பங்கள் மறுபடி பேசத் தொடங்கியது அப்படித்தான்.

உன் அப்பா வைத்திருந்த பழைய நோட்டுகளை இப்போதே எடுத்துப் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்துவிடு. பத்திரிகை வைக்க வேண்டியவர்களில் பாதிப் பேர் அதில்தான் இருப்பார்கள்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ளை